காது தேய்ந்த பற்சில்லு

மணற்காட்டுக் கரையிலிருந்து காலை வேளையில் மீன்பெட்டியோடு புறப்படும் மோட்டார் சைக்கிள்களை, அவற்றின் ஓசையை மாத்திரம் கேட்டு இன்னாருடையது எனக் கூறிவிடும் ஆற்றல் அவ்வூர்ப் பெண்களுக்கு உண்டு. அடுப்படியில் இருந்தவாறே அவர்கள் வழங்கும் இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆயின், அவருடைய வண்டியை அடையாளங் காண்பதற்கு அத்தகைய தேர்ச்சி எதுவும் வேண்டியதில்லை. கரைமணலை விட்டு வீதிக்கு ஏறும் மேட்டிலே அது முதலாம் கியரில் முனகும். இரண்டாம் கியருக்கு மாறும். பாரம் பின்னே இழுக்க, பொறி முன்னே தள்ள, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கணத்தில் 'டக்' என்ற ஓசையுடன் கியர் தானாகவே விடுபட்டுவிடும். பிடிப்பிழந்த பொறி அலறும். வண்டி நின்றுவிடும். ஒரு காலை மணலில் ஊன்றி, மீண்டும் முதலாம் கியரைப் போட்டு, எவரையும் பாராது அவர் அம்மேட்டைக் கடந்து செல்வார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன.

அவருக்கு வயது 63. கரையிலே மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ்கட்டியிட்ட பெட்டியில் அடுக்கி, துன்னாலை, கரவெட்டி, நெல்லியடிப் பக்கத்து ஒழுங்கைகளில் விற்பது அவர் தொழில். எந்தப் படலைக்குச் சூடை வேண்டும், எந்தப் படலைக்கு விளைமீன் வேண்டும், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஊதுகுழலை அமுக்கக்கூடாது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். பத்து மணிக்குள் பெட்டி வெறுமையாகாவிடின் அன்றைய உழைப்பு ஐஸ்கட்டியோடு சேர்ந்து உருகிவிடும். எனவே அவ்வண்டி நேரத்துக்கு ஓடுவதும் ஓடாமல் நிற்பதும் அவ்வீட்டில் வெறும் வசதிபற்றிய விடயமன்று.

வண்டி 'எம்.டி. 90' வகையைச் சேர்ந்தது. வட பகுதியில் இதனை அறியாதார் இலர். ஜப்பானியத் தபாற்சேவைக்கென ஹொண்டா நிறுவனம் உருவாக்கிய செந்நிற வண்டி இது. அங்கே தபாற்காரரைச் சுமந்து களைத்தபின், மீளச் செப்பனிடப்பட்டு, இலங்கைத் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. இதன் மூதாதையான சுப்பர் கப் 1958 இல் வெளிவந்தது. ஒரு கையிலே உணவுத் தட்டைத் தூக்கியவாறு மறு கையால் வண்டியை ஓட்டும் உணவுக்கடைப் பணியாளரை மனத்திற்கொண்டே, கிளச்சுக்கெனத் தனிக் கைப்பிடி வேண்டாத வகையில் அதனை அமைத்தனர் என்பர். கியர் மாற்றும் மிதியைக் காலால் அழுத்தும்போதே கிளச் தானாக விலகும். மிதியை விட, மீண்டும் பற்றிக்கொள்ளும். ஜப்பானியப் பணியாளருக்காக விடுவிக்கப்பட்ட அந்த இடக்கை, கரவெட்டி ஒழுங்கைகளில் றப்பர்க் குமிழ் பொருத்திய ஊதுகுழலை அமுக்குவதற்கு உதவுமென அவ்வடிவமைப்பாளர் எண்ணியிருக்க நியாயமில்லை.

இன்னுமொரு தொடர்பும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. இதே குடும்பத்துப் பொறியைப் பருத்த காற்று ரயர்கள் மூன்றின்மேல் ஏற்றி, மணலிலும் பனியிலும் ஓடும் விளையாட்டு வண்டியாக 1970 இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. எத்தரையிலும் ஓடும் நாற்சில்லு வண்டிகளென இன்று பல நாடுகளில் வழங்குவனவற்றுக்கு அது முன்னோடி. விபத்துகள் பெருகியமையால் முச்சில்லு வகையின் விற்பனை 1988 ஆம் ஆண்டளவில் அங்கே முடிவுக்கு வந்தது. நாற்சில்லு வகையே நிலைத்தது. அத்தகைய வண்டிகளை மணல்மேடுகளில் ஓட்டிப் பந்தயம் விடுவோர், பொறியின் கூட்டைப் பிளந்து கியர்களைத் தீட்டுவித்து மீளப் பூட்டுவது அங்கே வழக்கமான வேலை. மணல் எங்கும் மணல்தான். அது பொறியிடம் கேட்கும் விலையும் ஒன்றுதான். அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மணற்காட்டு மீன்வியாபாரிக்கு அது உலையில் இடும் அரிசி.

அவ்வண்டி பட்ட பாடுகளுள் மணல் ஒன்று மாத்திரமே. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருட் செலுத்திப் பொறியை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடும் உபாயத்தைக் குடாநாட்டார் கற்றுக்கொண்டனர். அதன் புகையும் மணமும் அக்காலத்தை வாழ்ந்தோரின் நினைவில் இன்றுமுள்ளன. ஆனால், அந்த உபாயத்துக்குப் பொறி கொடுத்த விலையைப்பற்றிப் பேசுவோர் குறைவு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் முற்றாக ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது முசலத்தின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலுடன் கலக்கும், ஒயில் நீர்த்துப்போகும். இவ்வகை வண்டியில் பொறிக்கும் கிளச்சுக்கும் கியர்களுக்கும் பொதுவாக இருப்பது ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒரே ஒயில். ஆகவே மேலே எரிபொருளில் செய்த சிக்கனம் கீழே பற்சில்லுகளில் வசூலிக்கப்பட்டது.

மூன்று கியர்களே உள்ள வண்டியில், பாரத்தோடு மணலில் ஓடுபவருக்கு முதலாம் கியர் போதாது. மூன்றாம் கியர் இழுக்காது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் இரண்டாம் கியரிலேயே வாழ்ந்தார் என்று சொன்னாலும் மிகையாகாது. கியர் விடுபடத் தொடங்கியபோது, ஏனைய வண்டிக்காரர் செய்வதுபோல் மிதியைக் காலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். இவ்வண்டியில் மிதியை அழுத்தினால் கிளச் விலகும் என்பதனால், கியர் நின்றது, கிளச் எரிந்தது. கிளச் தட்டுகளை மாற்றவேண்டி வந்தது. அதன்பின்பு மேடு வந்ததும் பொறியின் வேகத்தைச் சற்றுத் தணித்து, கியரைக் கெஞ்சிக் கூட்டிச்செல்லும் ஒருவகை ஓட்டத்தைப் பழகிக்கொண்டார்.

அவரைக் காண்போர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் இதனைத் திருத்தவில்லை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளுக்கும் நல்ல விலை இருந்தது. 2022 இல் எரிபொருளுக்கு நாடு வரிசையில் நின்றபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீட்டில், பெற்றோலை மோந்து பார்த்தே ஓடும் இவ்வகை வண்டிகளின் மதிப்பு இன்னும் ஏறியது. விற்றிருக்கலாம். தவணைக்கு வண்டி எடுத்துத்தரும் நிறுவனமொன்றின் இளைஞர், நல்ல நிலையிலுள்ள ஸ்கூட்டர் ஒன்றின் படத்துடன் இருமுறை வீட்டுக்கு வந்து சென்றார். மாதத் தவணையை எண்ணிப் பார்த்த மனைவி, அப்படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது நல்ல முடிவு. மழைக்காலத்தில் வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களைத் தவணை அட்டை அறியாது.

ஆயினும் திருத்தாமைக்குக் காரணம் பணமன்று. அவ்வண்டியின் பொறியை இறுதியாகக் கழற்றிப் பூட்டியவர் அவருடைய தம்பி. 1993 ஆம் ஆண்டிலே, வேப்பமரத்தின் கீழ்ச் சாக்கொன்றை விரித்து, மூன்று நாட்கள் அதன் உறுப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தம்பி இருந்த காட்சி அவருக்கு நினைவிருந்தது. என்ன குறை, என்ன செய்தார் என்பன தெரியா. நான்காம் நாள் வண்டி ஓடியது, அவ்வளவே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் அவர் மனைவி பிள்ளைகளுடன் கரவெட்டியில் இருந்தார். நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தம்பியும் வண்டியும் மணற்காட்டில் இருந்தனர். தம்பியை இரண்டு நாட்களின் பின் கண்டெடுத்தார்கள். வண்டி சவுக்கமரங்களுக்கு இடையே கைபிடி மாத்திரம் தெரியப் புதைந்திருந்தது. அதனைத் தோண்டியெடுத்து, டீசலால் மூன்று தடவை கழுவி, ஒயில் மாற்றி, மூன்று வாரங்களின் பின் அவர் உதைத்தபோது அது உயிர்பெற்றது. கூட்டைப் பிளந்து கழுவவேண்டும் என்று அன்றே சிலர் கூறினர். அவர் இணங்கவில்லை.

2023 ஆம் ஆண்டு சோளகக் காலத்திலே, பாரத்துடன் மேடேறிய வேளையில் கியர் விடுபட்டு வண்டி பின்னோக்கிச் சரிந்தது. பெட்டி கவிழ்ந்து மீன் மணலிற் சிதறியது. அவருடைய முழங்கால் வீங்கியது. அன்று மாலையே அவர் வண்டியை உருட்டிச் சென்று நெல்லியடிச் சந்திக்கு அண்மையிலுள்ள திருத்துமிடமொன்றில் நிறுத்தினார்.

அதனை நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஊரவர் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். ஒரு தகரக் கொட்டகை, எண்ணெய் ஊறிய ஒரு மேசை, உதவிக்கு ஒரு பொடியன். அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு: மலிவான காரணத்தை முதலிலே தேடுவார். கியர் விடுபடுவதற்குக் கூட்டின் உள்ளேதான் குறை இருக்கவேண்டும் என்பதில்லை. கியரைத் தத்தம் நிலையில் நிறுத்திவைக்கும் சிறிய உருளையும் அதன் வில்லும் கிளச்சுக்குப் பின்னால், பக்கமூடியைக் கழற்றினால் எட்டக்கூடிய இடத்திலேயே உள்ளன. வில் தளர்ந்திருந்தால் நூறு ரூபாய்க் கணக்கிலே வேலை முடிந்துவிடும். பாஸ் வில்லை மாற்றினார். வண்டியின் பின்னே மணல்மூடை இரண்டைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். இரண்டாம் கியர் விடுபட்டது.

"பாஸ், வெளியால வேற ஏதும் செய்து பாரும். பிளக்க வேண்டாம்."

"அண்ணை, வெளியால செய்யக்கூடியதெல்லாம் செய்தாச்சு. இனிப் பிளக்காமல் ஒண்டும் சொல்லேலாது."

"அது தம்பி பூட்டின எஞ்சின்."

பாஸ் அதற்கு விடை கூறவில்லை. மறுநாள் வந்து சொல்லுமாறு அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் வந்தார். இரவல் சைக்கிளில், பாதிப் பெட்டி மீனுடன் வந்தார். 'கழட்டும்' என்ற ஒரு சொல்லே சொன்னார்.

இப்பொறியை வண்டியினின்று இறக்குவது கடினமன்று. இரண்டு நீண்ட பிடியாணிகளே அதனைச் சட்டத்துடன் பிணைத்துள்ளன. கடினம் அதன்பின்பே தொடங்குகின்றது. கூடு நடுவே நெடுக்காக இரண்டாகப் பிரியும் அமைப்புடையது. அதனைப் பிரிப்பதற்கு முன் தலை, உருளை, முசலம், காந்தச் சில்லு, கிளச், ஒயில் பம்பு ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாக விலகவேண்டும். இரண்டாம் கியரைப் பார்ப்பதற்காக, அதனோடு தொடர்பற்ற அனைத்தையும் கழற்றவேண்டியிருப்பது இதன் கொடுமை. அக்காரணத்தாலேயே பலர் கியர் விடுபடும் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருக்கின்றனர்.

கூட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் திருகாணிகளின் தலையிலுள்ள சிலுவை வெட்டு, ஜப்பானிய நியமத்துக்கு உரியது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும், கடைகளில் விற்கும் சாதாரணச் சிலுவைத் திருப்புளி அதனுள் முற்றாக அமராது. வலிந்து திருப்பினால் வழுக்கித் தலையை அரைத்துவிடும். பாஸ் ஜப்பானியத் திருப்புளி நுனி ஒன்றைத் துணியிற் சுற்றித் தனியே வைத்திருக்கிறார். அதனை அடித்துத் திருப்பும் கருவியிற் பொருத்தி, ஒவ்வொரு திருகாணியையும் சுத்தியலால் ஓர் அடி அடித்தே இளக்கினார். ஒரு திருகாணியின் தலையும் அரைபட்டிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இவற்றைக் கழற்றிப் பூட்டியவரும் இவ்விரகசியத்தை அறிந்திருந்தார் என்பது பாஸுக்கு அப்பொழுதே விளங்கியிருக்கவேண்டும். அவர் எதுவும் கூறவில்லை.

எல்லாத் திருகாணிகளும் விலகியபின்னும் கூடு பிரியவில்லை. இரு பாதிகளையும் நேர்நிறுத்தும் குழாய் வடிவான ஊசிகளுள் ஒன்று உப்பினால் இறுகியிருந்தது. இத்தறுவாயில் பொறுமையிழப்போர் இரு பாதிகளுக்கும் இடையே திருப்புளியைச் செலுத்தி நெம்புவர். அலுமினியத்தின் சமதளத்தில் அதனால் விழும் ஒரு வடு, அதன்பின் எக்காலமும் ஒயிலைக் கசியவிடும். பாஸ் ஊசியைச் சுற்றி டீசலை ஊற்றி, ஓரிரவு விட்டு, மறுநாட் காலை அவ்விடத்தைச் சூடாக்கி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். தட்டும் ஓசை மாறிற்று. மயிரிழை போன்றதோர் இடைவெளி தோன்றியது.

இங்கே சொற்களைப்பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. எமது பாடநூல்களும் அரசாங்கச் சொற்றொகுதிகளும் முசலம், சுரை, பற்சில்லு, திருகாணி எனப் பல நல்ல சொற்களைத் தந்துள்ளன. திருத்துமிடங்களில் அவை வழங்குவதில்லை. அங்கே பிஸ்டன், நட்டு, கியர், ஆணி என்பனவே ஆட்சி செய்கின்றன. இரு சாராரும் ஒருவரையொருவர் குறைகூறிக் காலங்கழிப்பது வீண். ஏனெனில், வேலைக்கு மிக வேண்டியதொரு சொல் இரு பட்டியலிலும் இல்லாதிருப்பதும் உண்டு. இவ்வகைப் பொறியிலே பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று பல் பொருந்தியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது ஒரு பற்சில்லு தண்டின்மீது பக்கவாட்டில் நகர்ந்து, தன் பக்கத்திலே புடைத்து நிற்கும் கட்டைகளை அயற் பற்சில்லின் பக்கத்திலுள்ள குழிகளுள் மாட்டிக்கொள்ளும். வண்டியை இழுக்கும் வலு முழுவதும் அக்கட்டைகளின் முகத்தினூடாகவே செல்கின்றது. அவற்றை ஆங்கிலேயர் நாயின் பெயரால் அழைக்கின்றனர். பாஸ் அவற்றைக் 'காது' என்கிறார். யாரிடம் கற்றார் என்று கேட்டால், அது காதுபோலத்தானே இருக்கிறது என்பதே அவர் விடை. இக்கட்டுரையும் அச்சொல்லையே கொள்கின்றது.

கூடு திறந்தபோது முதலிற் கண்ணிற்பட்டது காதன்று. இரு பாதிகளுக்கும் இடையிலே வைக்கப்பட்டிருந்த காஸ்கெற், கலண்டர் மட்டையில் வெட்டப்பட்டிருந்தது. ஒயில் ஊறிக் கறுத்த அம்மட்டையின் ஓரிடத்திலே சிவப்பு நிறத்தில் '17' என்ற இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. தடைக்காலத்தில் காஸ்கெற் ஏது? ஆயினும், வளைவுகளும் ஆணித்துளைகளும் ஒரு நூலிழையும் பிசகாது வெட்டப்பட்டிருந்தன. அடுத்து, கியரை நகர்த்தும் கவரொன்றைக் கழற்ற முனைந்த பொடியன் கூவினான்:

"பாஸ், இஞ்ச பாருங்கோ, ஆரோ சைக்கிள் கம்பி போட்டிருக்கினம்!"

கவரின் ஊசியை வெளியே விழாது பிடித்துவைக்கும் சிறிய கொழுவி இருக்கவேண்டிய இடத்தில், சைக்கிள் சில்லுக் கம்பியின் துண்டொன்று வளைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் நுனிகள் கூர்மை போக அராவப்பட்டிருந்தன. 1993 இல் தம்பி மூன்று நாட்கள் செய்த வேலை இதுவே. கொழுவி உடைந்து, ஊசி விழுந்து, கியர் மாறாது நின்றிருக்கவேண்டும். முப்பது ஆண்டுகள், மண்ணெண்ணெய், கடல்நீர் யாவற்றுக்கும் பின் அக்கம்பி அசையாதிருந்தது. பாஸ் அதனை நெடுநேரம் பார்த்தார். "இதைப் போட்டவன் வேலை தெரிஞ்சவன்" என்றார்.

கூட்டின் அடிப்பகுதியில், ஒயில் வடியும் வலைத்தட்டுக்குக் கீழே, கரிய சேறு ஒட்டியிருந்தது. அதனை விரலால் எடுத்துத் தேய்த்தபோது மணல் நெருடியது. மீன்வியாபாரி அன்று வெறும் பெட்டியுடன் வாசலில் நின்றார். விரலை நீட்டி அவரும் தொட்டுப் பார்த்தார்.

"இது அண்டைக்குப் போனது" என்றார்.

பாஸ் உண்மையை மறைக்கத் தெரியாதவர். எந்த மணலென்று சொல்ல இயலாது என்றார். ஒயில் ஊற்றும் வாயினூடாகவும், கடற்காற்று வீசும் எந்த நாளிலும், சிறிது சிறிதாக மணல் உட்செல்லும். முப்பத்தைந்து ஆண்டுகள் கரையிலே ஓடிய எந்த வண்டியைப் பிளந்தாலும் இது இருக்கும் என்றார். மீன்வியாபாரி மறுத்துரைக்கவில்லை. விரலைச் சாரத்திலே துடைத்துக்கொண்டார். அவர்களுள் யார் கூறியது சரியென்று அறிவதற்கு வழியில்லை.

குறை அவ்விடத்தில் இல்லை. இரண்டாம் கியரின் காதுகளிலேயே அது இருந்தது. நேராகவும் கூராகவும் நிற்கவேண்டிய அவற்றின் முகங்கள் தேய்ந்து, ஓரங்கள் கூழாங்கற்போல் உருண்டிருந்தன. அவை சென்று மாட்டும் குழிகளின் விளிம்புகளும் அவ்வாறே. முகம் சரிந்துவிட்டால், பாரம் கூடக்கூட அச்சரிவே காதை வெளியே தள்ளும். அதனாலேயே மட்டமான வீதியில் நின்ற கியர் மேட்டிலே விடுபட்டது. இழுக்கவேண்டிய வலுவே பிரிக்கும் வலுவாக மாறியிருந்தது.

புதிய பற்சில்லு கிடைக்கவில்லை. பழைய பொறிகளினின்று கழற்றிய இரண்டைக் கொண்டுவந்து பார்த்ததில், அவையும் இதே நோயால் இறந்தவை. எஞ்சியது ஒரு வழி. யாழ்ப்பாண நகரிலுள்ள லேத் பட்டறை ஒன்றில் காதுகளின் முகங்களைத் தீட்டுவிக்கலாம். அதுவும் பழைய நேர்நிலைக்கு அன்று, 3 பாகையளவு உட்சாய்வாக. அடி ஒடுங்கி நுனி அகன்ற அவ்வடிவில், பாரம் கூடக்கூடக் காது குழியினுள் இன்னும் ஆழமாக இழுக்கப்படும். வெளியே தள்ளிய வலுவையே உள்ளே இழுக்கும் வலுவாகத் திருப்பிவிடும் தந்திரம் இது. பந்தயக்காரர் தம் வண்டிகளுக்குச் செய்விப்பதும் இதுதான். தபாற்காரருக்கென வடிவமைத்தவர்கள் வைக்காத ஒன்றை இங்கு சேர்ப்பதனால், இது திருத்தம் என்பதனிலும் திருந்திய ஆக்கம் எனத்தகும்.

ஆபத்தும் உண்டு. பற்சில்லின் மேற்றோல் மாத்திரமே வன்மையாக்கப்பட்ட உருக்கு. அதன் கனம் மிகச் சிறிது. அளவுக்கு மிஞ்சித் தீட்டினால் மென்மையான உள்ளுடல் வெளிப்பட்டு, சில மாதங்களிலேயே மீண்டும் உருளும். தீட்டும்போது சூடேறினாலும் வன்மை போய்விடும். காதுகளுள் ஒன்று மற்றவற்றினும் ஒரு நூலளவு உயர்ந்து நின்றால், முழுப் பாரமும் அதன்மேல் விழுந்து அது உடையும். பட்டறைக்காரர் இரண்டு நாட்கள் எடுத்தார். நீர் சொரிந்தவாறே தீட்டி, முகங்களில் நீல மை பூசிப் பொருத்திப் பார்த்து, எல்லாக் காதுகளிலும் மை ஒன்றுபோல் அழியும்வரை விடவில்லை. மனைவியின் இரண்டு காப்புகளுள் ஒன்று அவ்வாரம் அடகுக் கடைக்குச் சென்றது. வேலை பிழைத்திருப்பின் அது மீண்டிருக்காது.

பூட்டும் நாளில் ஒரு சிறு பிணக்கு எழுந்தது. பாஸ் கொழும்பிலிருந்து புதிய கொழுவியைத் தருவித்திருந்தார். மீன்வியாபாரி அதனைக் கண்டார்.

"அந்தக் கம்பியை மாத்த வேணுமோ?"

"வேணும், அண்ணை."

"முப்பது வருசம் நிண்டது."

"இன்னும் பத்து வருசமும் நிக்கும். நிக்காட்டில், அது கழண்டு கியருக்குள்ள விழுந்து எல்லாம் போயிடும். நான் பூட்டினால் நான்தான் பொறுப்பு."

பொடியன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். தம்பியின் கம்பியை அவ்விடத்திலேயே விடுவது அன்பு. பாஸ் கூறியதோ நியாயம். அந்தத் தம்பியே அன்று உயிரோடு அங்கு நின்றிருப்பின், புதிய கொழுவியைக் கண்டதும் கம்பியைக் கழற்றி எறிந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. வேலை தெரிந்தவர் அப்படித்தான் செய்வர். மீன்வியாபாரி பீடியொன்றைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே சென்றார். திரும்பி வந்தபோது கூடு மூடப்பட்டிருந்தது. அதனை மூடுமுன் பாஸ் தண்டுகளைக் கையாற் சுழற்றி, மூன்று கியர்களும் தடையின்றி மாறுவதை மும்முறை பார்த்தார். போரிங்குகள் புதியன, காஸ்கெற் கடையில் வாங்கியது. கம்பியைக் கழுவித் துடைத்து, மேசையின் ஓரத்தில் ஒரு சுரையின்மேல் வைத்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் வண்டி கரைக்குத் திரும்பியது. முதல் நாள் அவர் பெட்டியை அரைவாசியே நிரப்பினார். மேட்டின் அடியில் இரண்டாம் கியரைப் போட்டபின், பழைய பழக்கத்தினால் அவருடைய வலக்கை வேகத்தைத் தணித்தது, கியர் நின்றது. அடுத்த நாள் முழுப் பெட்டி. இம்முறை அவர் தணிக்கவில்லை. வண்டி மணலைப் பின்னே எறிந்துகொண்டு மேட்டில் ஏறி, வீதியை அடைந்து, மூன்றாம் கியருக்கு மாறிப் போயிற்று. அடுப்படியிலிருந்த பெண்ணொருத்தி, இது யாருடைய வண்டி என்று வாசலுக்கு வந்து பார்த்ததாகச் சொல்கின்றனர்.

முந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் பாஸ் ஒயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தார். உலோகத்தூள் சிறிது இருந்தது. புதிதாகப் பூட்டிய பொறியில் அது இருப்பதே. மீன்வியாபாரி பெட்டியைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். பெட்டி மூடியின் கொண்டி முன்னர் ஒரு கயிற்றினாற் கட்டப்பட்டிருக்கும். இப்பொழுது அந்தக் கொண்டியினூடாக வளைந்த சைக்கிள் கம்பித் துண்டொன்று செருகப்பட்டிருந்தது. அவர் அதனை உருவி, மூடியைத் திறந்து, எஞ்சியிருந்த ஒரு கூறு சூடையைப் பாஸிடம் கொடுத்துவிட்டு, மீண்டும் செருகினார்.